கியூபெக்குக்குப் பூக்கட்டிப் பார்த்த கதை

கனடா தேசத்தில் பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணம் தனி நாடாகப் பிரிய வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியை பர்மாவில், யாங்கோன் நகரத்துப் பபேடான் பேட்டையில் உள்ள எங்கள் டீக்கடை மூன்று காலைகளில் தீர்த்து வைத்தது. அந்த மாகாணத்துக்காரர்கள் இரண்டு தலைமுறையாக மல்லுக்கட்டியும் தீராத கேள்வி அது. இரண்டு முறை ஊரைக் கூட்டி ஓட்டுப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். இரண்டு முறையும் வேண்டாம் என்றே வந்தது, இரண்டாம் முறை மயிரிழையில். இப்போது மூன்றாம் முறை கேட்கலாமா என்று ஆரம்பித்திருக்கிறார்களாம். எங்கள் டீக்கடைக்கு அத்தனை அவகாசம் தேவைப்படவில்லை. மூன்று காலை, ஆளுக்கு இரண்டு டீ, நடுவில் ஒரு தட்டு சமோசா. தீர்ப்புச் சொன்னவர்கள் எல்லாரும் ஒரே கட்டடத்தில் குடியிருக்கிறவர்கள். அந்தக் கட்டடத்து மாடிப்படி விளக்கை யார் மாற்றுவது என்ற வழக்கு நான்கு வருடமாக இருட்டிலேயே நடந்துகொண்டிருக்கிறது.

அந்த டீக்கடைக்கு எதிரில்தான் என் கடை. ஒரு நகல் எடுக்கும் இயந்திரம், சீட்டுகளுக்குப் பிளாஸ்டிக் உறை போடும் பெட்டி, ஒரு மேசை, இரண்டு நாற்காலி. மின்சாரம் இருந்தால் நகல் எடுப்பேன், இல்லாவிட்டால் விண்ணப்பம் நிரப்புவேன். யாங்கோனில் அது இல்லாத நேரமே அதிகம் என்பதால் தெருவில் எனக்கு விண்ணப்பக்காரர் என்றுதான் பெயர். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. பர்மிய எழுத்தும் ஆங்கிலமும் விண்ணப்பத் தாள்களைப் படித்துப் படித்தே வந்தவை. 'பொருந்தாததை அடித்துவிடவும்' என்பதுதான் நான் அறிந்த ஆங்கிலத்தில் உயர்ந்த வாக்கியம்.

எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பெயர், பிறந்த ஊர், தகப்பன் பெயர் என்று சொல்லிக்கொண்டு வரும்போது சனங்கள் தங்களை அறியாமல் நல்ல நல்ல சொற்களைச் சொல்லிவிடுவார்கள். நான் அவற்றை முடிந்து வைத்துக்கொள்வேன். போட்டாதாங் படகுத்துறையில் மூட்டை தூக்குகிற ஒருவர், தொழில் என்ற கட்டத்துக்கு வந்ததும், "முதுகுன்னு எழுதுங்கண்ணே" என்றார். திருமண நிலை என்ன என்று ஒரு விதவையைக் கேட்டேன். "முடிஞ்சிபோச்சின்னு போடு. நல்லவிதமா முடிஞ்சிச்சின்னு போடு" என்றாள். இவர்களோடு நாளைக் கழிக்கிறவனுக்கு டீக்கடைத் தீர்ப்புகள் கொஞ்சம் உப்பில்லாமல்தான் இருக்கும்.

அந்த மாகாணம் எங்கள் டீக்கடைக்குள் வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் என் தங்கை மகள். இருபத்து நான்கு வயது. மாண்ட்ரியால் நகரத்தில் ஒரு கல்லூரி, சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் மூன்று வருடப் படிப்பில் அவளுக்கு இடம் கொடுத்திருந்தது. படிப்பு பிரெஞ்சில். அந்த மொழியை அவள் தன் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்தே கற்றுக்கொண்டாள், அங்கேதான் சிக்னல் கிடைக்கும் என்பதால். ஏறி இறங்குகிறவர்கள் எல்லாம் அவளுடைய பிரெஞ்சைத் தாண்டித்தான் போக வேண்டும். "பாப்பாவுக்கு மூக்கு அடைச்சிருக்கு, ஆவி பிடிக்கச் சொல்லு" என்று பக்கத்து வீட்டு அம்மாள் ஒருநாள் என் தங்கையிடம் அக்கறையாகச் சொன்னாராம்.

ஏன் போகிறாள் என்று இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் பட்டியல் தெருத்தெருவாக வருகிறது. பெண்கள் முறை வரவில்லை என்கிறார்கள். வரவில்லை என்ற அந்த ஒரு சொல்லை நம்பித்தான் பெண்ணைப் பெற்றவர்கள் கண்ணை மூடுகிறார்கள்.

டீக்கடையின் தலைமை நீதிபதி கண்ணாடிக் கடைக்காரர். அவர் மகன் டொரண்டோவில் லாரி ஓட்டுகிறான். டொரண்டோ வேறு மாகாணம், ஆங்கிலம் பேசுகிற ஊர். ஆனாலும் மகன் இருக்கிறான் என்ற உரிமையில் கனடா முழுவதையும் அவர் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருந்தார்.

"போறேன் போறேன்ங்கிறான். போயித் தொலைய வேண்டியதுதானே. கோவிச்சிக்கிட்ட பொண்டாட்டியாட்டம் அம்பது வருசமா பொட்டிய வாசல்ல வச்சிக்கிட்டு உக்காந்திருக்கான்" என்றார்.

"உங்களுக்கு என்னண்ணே அவங்க மேல கோவம்?" என்று கேட்டேன்.

"ஒரே நாடு. அதுல இவன் மட்டும் தனிப் பாஷை, தனிச் சட்டம். எம்மகன் லாரிய ஓட்டிக்கிட்டு அங்க போனா ரோட்டுல நில்லுன்னு கூட அவன் பாஷையிலதான் எழுதியிருக்கானாம்."

"நின்னாரா?"

"யாரு?"

"உங்க மகன். நில்லுன்னு எழுதியிருந்த இடத்துல."

"நிக்காம?"

"அப்ப புரிஞ்சிருக்குல்ல."

கடை சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு இன்னொரு டீ சொன்னார். மகன் அவரைக் கூப்பிட்டுப் பேசி நான்கு மாதம் ஆகிறது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒரு நாட்டை முழுசாக வைத்திருக்க வேண்டும் என்று அவர் அடம்பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் தீர்ப்புத் தீர்ப்புதான். மூன்றாம் நாள் காலை, பிரியக் கூடாது, பிரிந்தால் திரும்பச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று எழுதாத குறையாக முடித்தார்கள். ஒரு மாகாணத்தை ஒரே மூச்சில் கட்டியும் போட்டு விரட்டியும் விட்ட தீர்ப்பு அது.

இதற்குள் நான் தங்கை மகளின் தாள்களைத் தயார் செய்துகொண்டிருந்தேன். மற்ற நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு ஒரு அனுமதி போதும். இந்த மாகாணத்துக்கு இரண்டு. முதலில் மாகாணம் தனக்குச் சம்மதம் என்று ஒரு சான்று கொடுக்க வேண்டும். அதைக் காட்டினால் நாடு தனக்கும் சம்மதம் என்று ஒரு அனுமதி கொடுக்கும். இதை நான் தங்கைக்கு விளக்கியபோது அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வீட்டுக்குள்ள போறதுக்கு மாமியார்கிட்ட ஒரு தடவ, மருமக கிட்ட ஒரு தடவ கேக்கணுமா? அப்ப அந்த வீடு பிரிஞ்சி ரொம்ப நாளாச்சிண்ணே" என்றாள்.

டீக்கடை மூன்று நாள் பேசியதைவிட இது மேல் என்று அப்போதே முடிந்து வைத்துக்கொண்டேன். அந்தச் சொல் எனக்கே திரும்பி வந்து வேலை வைக்கும் என்று தெரியவில்லை.

தங்கை கணவன் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவனுடைய அண்ணன்தான் மாண்ட்ரியாலில் இருக்கிறார். கப்பல் வேலைக்குப் போய், அந்தத் துறைமுகத்தில் இறங்கி, அப்படியே தங்கிவிட்டவர். முப்பது வருடம் ஓட்டல் அடுக்களையில் பாத்திரம் தேய்த்து இப்போது ஓய்வில் இருக்கிறார். பெண் அவர் வீட்டில் தங்கித்தான் படிப்பதாக ஏற்பாடு. நல்ல மனிதர்தான். இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகும். ஆனால் வயதான காலத்தில் அவருக்கு ஒரு நாடு தேவைப்பட்டுவிட்டது.

ஒரு ஞாயிறு காலை பசுந்தாங் பேட்டையில் தங்கை வீட்டில் இருந்தேன். தெரு முழுக்க "மீ லாபி" என்று சத்தம் கிளம்பியது. மின்சாரம் வந்துவிட்டால் இந்த ஊரில் யாரும் வாயை மூடிக்கொண்டு சந்தோஷப்படுவதில்லை. உடனே தங்கை கைப்பேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்துக் கணவனின் அண்ணனைக் கூப்பிட்டாள். திரையில் அவர் வந்தார், வீட்டுக்குள்ளேயே கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு. பின்னால் தமிழ்த் தொடர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மாமியார் அழுதுகொண்டிருந்தாள்.

"மச்சான், இங்க வந்து பாருங்க. கடப் பலகையில பிரெஞ்சு எழுத்துதான் பெருசா இருக்கணும். சட்டம். மத்த பாஷயெல்லாம் அதுக்குக் கீழ நிக்கணும். எப்படி?" என்றார், அந்தச் சட்டத்தைத் தானே இயற்றியவர் போல.

"நல்லதுதான் மச்சான்."

"இது போதாது. தனியா வந்துரணும். இந்தத் தடவ கேட்டா எங்க சனம் சரின்னு சொல்லிரும்."

எங்கள் சனம் என்று அவர் யாரைச் சொன்னார் என்று கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவருடைய அப்பா பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம். அவர் பிறந்தது இதே பசுந்தாங்கில், ஓடைக்கரைத் தெருவில்.

"உங்க பிள்ளைங்க ரெண்டு பேரும் தமிழ் பேசுறாங்களா மச்சான்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் வாய் என்று ஒன்று இருக்கிறதே.

"அது வேற. அது பொழப்பு."

"அப்ப இது?"

"இது உரிமை."

பின்னால் மாமியார் இன்னும் அழுதுகொண்டிருந்தாள். பாத்திரம் தேய்த்த முப்பது வருடத்தில் ஒருநாளாவது அவரை யாராவது தங்கள் ஆள் என்று சொன்னார்களா, அல்லது இவராகப் போய்ச் சேர்ந்துகொண்டாரா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் தங்கை முன்னால் வந்துவிட்டாள்.

"அத்தான், அப்படிப் பிரிஞ்சிட்டா பாப்பா பேப்பரு என்னாகும்?"

அவர் குல்லாயைச் சரிசெய்துகொண்டு மிகப் பெருமையாகச் சிரித்தார்.

"புது நாடும்மா. புது நாடு, புது பேப்பரு குடுக்கும்."

உலகத்தில் வேறு எந்த வீட்டில் சொல்லியிருந்தாலும் அது நல்ல செய்தியாக இருந்திருக்கும். என் தங்கை எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள்.

ஏன் என்று சொல்ல வேண்டும். பர்மாவும் ஒரு காலத்தில் ஒரு மாகாணம்தான். இந்தியாவோடு சேர்ந்து வெள்ளைக்காரன் கையில் இருந்தது. பிரிய வேண்டுமா வேண்டாமா என்று அப்போதும் பேசினார்கள், ஓட்டுப் போட்டார்கள், கடைசியில் பிரித்தார்கள். என் அப்பா அப்போது சிறுபிள்ளை. இருந்த இடத்தை விட்டு அரையடி நகரவில்லை. போட்டாதாங்கில் படுத்தவர் போட்டாதாங்கிலேயே எழுந்தார். ஊர் மட்டும் வேறு நாடாகியிருந்தது. பிறகு சுதந்திரம் வந்தது, பிறகு ராணுவம் வந்தது, ஒவ்வொன்றும் ஒரு புதுத் தாளைக் கொண்டுவந்தது. அப்பா கையில் கடைசியாக நின்றது அந்நியர் பதிவுச் சீட்டு. வருடம் ஒருமுறை அலுவலகத்தில் வரிசையில் நின்று, நான் அந்நியன்தான், இன்னும் அந்நியனாகவே இருக்கிறேன் என்று முத்திரை வாங்கி வருவார். வாங்கி வந்த அன்று வீட்டில் பாயசம். அந்தப் பாயசத்தை நாங்கள் ருசித்துக் குடித்தோம் என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எனக்கும் தங்கைக்கும் பச்சை அட்டை கிடைத்தது. குடிமகன்தான், ஆனால் முழுசாக இல்லை என்று அதற்கு அர்த்தம். தங்கை மகளுக்குத்தான், மூன்றாம் தலைமுறை என்பதால், ரோஜா நிற அட்டை வந்தது. முழுக் குடிமகள். அந்த அட்டைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டவன் நான். அவசரப்பட்டதில் ஒரு மூலையில் காற்றுக்குமிழி விழுந்துவிட்டது. இன்றும் அந்தக் குமிழி இருக்கிறது.

இப்படிப்பட்ட வீட்டில் வந்து புது நாடு புதுப் பேப்பர் கொடுக்கும் என்றால் சோறு இறங்குமா?

பசுந்தாங்கில் தங்கை வீடு ஐந்தாம் மாடி. இங்கே எல்லா வீட்டிலும் இருப்பதுபோல அவள் வீட்டு முகப்பிலிருந்தும் தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். கீழ் நுனியில் தாள் கவ்வுகிற கிளிப், மேல் நுனியில் ஒரு மணி. செய்தித்தாள், கடிதம், கீரைக்கட்டு எல்லாம் அதில்தான் ஏறும். என் முழங்கால் முரண்டு பிடிக்க ஆரம்பித்ததிலிருந்து வாரம் ஒருமுறைதான் மாடியேறுவேன், மற்ற நாள் நானும் விண்ணப்பங்களை அதில்தான் மாட்டி மணியடிப்பேன். அவள் இழுத்துக்கொள்வாள், கையெழுத்துப் போட்டுத் திருப்பி இறக்குவாள். செவ்வாய்க்கிழமை போனேன். கயிறு இல்லை. அண்ணாந்து பார்த்தேன். சுருட்டி முகப்புக் கம்பியில் கட்டிவைத்திருந்தாள். அந்த வீட்டில் கயிறு மேலே போய்விட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

ஐந்து மாடியும் ஏறினேன்.

"குடும்பப் பட்டியல் வேணுமே" என்றேன். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுத்த தாள் அது. அதன் மூலப்பிரதி இல்லாமல் மொழிபெயர்த்துச் சான்று வாங்க முடியாது. அது இல்லாமல் மாகாணம் தன் சம்மதத்தைத் தராது.

"அலமாரியில இருக்கு."

"குடு."

"சாவி எங்கிட்ட இருக்கு." இடுப்பைத் தட்டிக் காட்டினாள்.

"பேப்பர அனுப்பக் கல்லூரி வச்ச தேதிக்கு இன்னும் மூணு வாரம்தான்."

"மொதல்ல அவங்க பிரியிறதா சேந்திருக்கிறதான்னு முடிவு பண்ணட்டும். அப்புறம் எம்மக போவா. நடுவுல போயி மாட்டிக்கிட்டு, இந்தப் பேப்பரு செல்லாது அந்தப் பேப்பரக் கொண்டாம்பான். அங்க யாரு அவளுக்கு எழுதிக் குடுப்பா? நீ இருக்கியா?"

"அது வேற ஊரு. அங்க அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க."

"ஊரு வேற. ஆபீசு ஒண்ணுதாண்ணே."

தங்கை மகள் உள்ளேயிருந்து ஒரே ஒரு சொல் சொன்னாள், "யபாதெ" என்று. பரவாயில்லை என்பதற்குப் பர்மிய மொழியில் அப்படிச் சொல்வோம். அவள் அப்படிச் சொன்னால் எதுவுமே சரியாக இல்லை என்று பொருள்.

வெள்ளிக்கிழமை காலை தங்கை என்னைக் கோயிலுக்கு வரச் சொன்னாள். பூக்கட்டிப் பார்க்கப் போகிறாள். ஒரு வெற்றிலையில் வெள்ளைப் பூவையும் இன்னொன்றில் சிவப்புப் பூவையும் வைத்து, வெளியே தெரியாதபடி மடித்துக் கட்டி, அம்மன் முன்னால் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுப்பது. கல்யாணத்துக்குக் கேட்போம், கடை வைக்கக் கேட்போம், காணாமல் போன நகைக்குக் கேட்போம். வெள்ளை வந்தால் ஆம், சிவப்பு வந்தால் இல்லை.

பூசாரி இரண்டு பொட்டலத்தையும் கட்டி முடித்து, "என்னம்மா கேக்கணும்?" என்றார்.

என் தங்கை கைகூப்பிக்கொண்டு, அர்ச்சனைக்குப் பெயர் சொல்வதுபோல, "கனடாவுல கியூபெக்குன்னு ஒரு மாகாணம் இருக்கு. அது கனடாவோட சேந்தே இருக்குமான்னு கேளுங்க" என்றாள்.

பூசாரி என்னைப் பார்த்தார். நான் தூணைப் பார்த்தேன்.

"எங்க இருக்கும்மா அது?"

"அமெரிக்காவுக்கு மேல."

"அது நம்ம அம்மனுக்கு எல்லையாம்மா?"

"எம்மக அங்கதான் போறா. அவ போற எடமெல்லாம் எல்லைதான்."

பூசாரி தட்டை எடுத்தார். சூடம் காட்டினார், மணியடித்தார். பசுந்தாங் ஓடைக்கரையில் இத்தனை காலமாக உட்கார்ந்திருக்கும் அம்மனிடம், பனிக்கட்டியில் உட்கார்ந்திருக்கும் ஒரு மாகாணத்தின் அரசியல் எதிர்காலத்தை முறைப்படி சமர்ப்பித்தோம். தங்கை கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தாள்.

சிவப்பு.

சேர்ந்திருக்காது, பிரியும். வீடு வரைக்கும் அவள் வேகமாக முன்னால் நடந்தாள். நான் பின்னால் நொண்டிக்கொண்டு போனேன். வீட்டு வாசலில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பெண் போகலாமா என்று கேட்க வந்தவள், நாடு பிரியுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறாள். கேட்க வேண்டியதைக் கேட்கவே இல்லை. இதை அவளிடம் சொன்னேன். "அம்மங்கிட்டக் கேட்டத ரெண்டாந்தரம் மாத்திக் கேக்கக் கூடாது" என்று படியேறிவிட்டாள். ஓட்டு மட்டும் மூன்று தரம் கேட்கலாம் போல.

டீக்கடைக்குச் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. "அம்மனே பிரெஞ்சுக்காரன் பக்கம் ஓட்டுப் போட்டாச்சாமே" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். "நம்ம அம்மனுக்கு எப்பவுமே வேப்பிலையும் தகராறும்தான் பிடிக்கும்." மாண்ட்ரியால்காரருக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் எனக்குச் செய்தி அனுப்பினார், கைகூப்பும் படம் மூன்று போட்டு. பசுந்தாங் அம்மன் தன் கட்சி என்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தால் தன் தம்பி மகள் வீட்டோடு நின்றுபோனாள் என்பது அந்தக் குல்லாய்க்குள் ஏறவில்லை.

அடுத்த இரண்டு வாரம் நான் மேசைமேல் அந்தப் பாதி நிரப்பின விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிரிய வேண்டுமா என்று நானும் யோசித்துப் பார்த்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சுற்றிலும் ஆங்கிலக் கடல், நடுவில் தன் மொழியைக் கைவிடாமல் இத்தனை தலைமுறையாக வைத்திருக்கிறார்களே, அதை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. நாற்பது வருடமாக விண்ணப்பம் எழுதுகிறேன், தமிழில் எழுதித் தா என்று ஒருவர் வந்து கேட்டதில்லை. என் தங்கை மகள் என்னோடு தமிழ் பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் செருப்பு தேடுவதுபோலத் தேடி எடுக்கிறாள்.

ஆனால் தனி நாடு என்று யாராவது ஆரம்பித்தால் மற்றவர்களுக்குக் கொடி தெரிகிறது, பாட்டுக் கேட்கிறது. எனக்குத் தெரிவது ஒரு புது விண்ணப்பப் படிவம். பிறந்த இடம், வந்த நாள், தகப்பன் வந்த நாள், அத்தாட்சி. அதை நிரப்பப் போவது மேடையில் பேசுகிறவன் இல்லை. கடைசியாக வந்து ஓட்டல் பாத்திரம் தேய்க்கிறவனும், அவன் வீட்டில் தங்கிப் படிக்க வருகிறவளும்தான். கோடு போடுகிற பெரிய மனிதர்கள் ஒருநாள் என் எதிர் நாற்காலியில் உட்காரட்டும். கோட்டுக்குத் தப்பான பக்கத்தில் நிற்கிறவனுக்கு என்ன எழுத வேண்டும் என்று அவர்கள் சொல்லட்டும், நான் எழுதிக்கொள்கிறேன். சொல்லிவிட்டால் அப்புறம் தாராளமாகப் பிரியட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. அதுவரை, கண்ணாடிக் கடைக்காரரும் குல்லாய்க்காரரும் எனக்கு ஒன்றுதான். ஒருவர் போகாதே என்கிறார், ஒருவர் போ என்கிறார். இருவருமே வாசலில் நிற்கும் பெட்டி யாருடையது என்று பார்க்கவில்லை.

கல்லூரி கொடுத்த தேதிக்கு ஐந்து நாள் இருக்கும்போது தங்கை மகள் கடைக்கு வந்தாள். மின்சாரம் இல்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மாமா, உங்களுக்கு ஏன் பச்சக் கார்டு? எனக்கு ஏன் ரோஸ்?"

"உனக்குத் தெரியாதா?"

"நல்லா சொல்லுங்க. நான் அம்மாவுக்குச் சொல்லணும்."

சொன்னேன். கோடு போடும்போதெல்லாம் ஒரு நாள் குறிப்பார்கள். அந்த நாளுக்கு முன்னால் யார் உள்ளே இருந்தது, யார் அதற்குப் பிறகு வந்தது என்று பார்த்துத்தான் பிரிப்பார்கள். அந்த நாளுக்கு முன்னால் உள்ளே இருந்ததற்குத் தாத்தாவிடம் அத்தாட்சி இல்லை.

"அந்த நாளுக்கு மொத உள்ள இருந்தவங்களுக்கு என்னா குடுத்தாங்க?"

"சீட்டு."

"பின்னால வந்தவங்களுக்கு?"

"விண்ணப்பம்."

அவள் என் மேசைமேல் இருந்த தன் விண்ணப்பத்தை எடுத்து ஒரு தரம் புரட்டினாள். பிறகு எழுந்தாள். "சரி மாமா. நாளைக்குக் காலையில வீட்டுக்குக் கீழ வந்து நில்லுங்க."

வீட்டில் என்ன நடந்தது என்று தங்கையே எனக்குப் பிறகு சொன்னாள். பெண் சண்டை போடவில்லையாம். அம்மா வெங்காயம் உரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒன்றை எடுத்து உரித்திருக்கிறாள்.

"அம்மா, அது பிரியும்னு அம்மன் சொல்லிட்டாங்கல்ல?"

"சொல்லிட்டா."

"எப்பன்னு சொன்னாங்களா?"

"அதெப்படிச் சொல்லுவா?"

"அப்ப நான் அதுக்கு மொதல்லயே உள்ள போயிரணும்மா. கோடு போடுற அன்னிக்கு நான் உள்ள இருக்கணும், கையில பேப்பரோட. தாத்தா மாதிரி ஆகக் கூடாதுன்னா நான் லேட்டாப் போகக் கூடாது. இப்பவே போகணும். அம்மன் அதத்தான் சொல்றாங்க."

"நான் அந்தப் பூவ எடுத்தது போகாதேன்னு நெனச்சிண்ணே. அவ அதையே எடுத்து வெரசாப் போன்னு படிச்சிக் காட்டிட்டா. நீ எழுதுற வேலைய அவகிட்டக் குடுத்துரு" என்றாள் தங்கை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் தெருவில் நின்றேன். கயிறு இறங்கி வந்தது, ஐந்தாம் மாடியிலிருந்து, மெதுவாக. கிளிப்பில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் இன்னொரு பை, அதற்குள் குடும்பப் பட்டியல். அலமாரியை விட்டு அந்தத் தாள் தனியாக வெளியே வந்தது அன்றுதான். காற்றில் ஆடிக்கொண்டே வந்தது. நான் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றேன். தங்கை மேலேயிருந்து தெருவே கேட்கும்படி, "காப்பி எடுத்து, சான்று வாங்கிட்டு உடனே மேல அனுப்பு. அவங்க பிரியிறதுக்குள்ள முடிக்கணும்" என்றாள்.

காய்கறி விற்கும் பர்மிய அம்மாள், யார் பிரிகிறார்கள் என்று என்னைக் கேட்டாள். என் தங்கை தமிழில் கத்தினாலும் அந்தத் தெருவுக்கு அவள் தமிழ் புரியும். தூரத்தில் ஒரு குளிர் நாடு, அதில் ஒரு மாகாணம் என்றேன்.

"பிரிந்தால் வெங்காயம் ஏறுமா?"

"ஏறாது."

"அப்படியானால் அவர்கள் இஷ்டம்" என்று தராசைத் துடைத்தாள். நான் கேட்டதிலேயே மிக நிதானமான தீர்ப்பு அதுதான்.

மாகாணத்தின் சம்மதம் முதலில் வந்தது. நாட்டின் சம்மதம் அதற்கு ஏழு வாரம் கழித்து வந்தது. தங்கை இரண்டுக்கும் ஐந்தைந்து நகல் எடுக்கச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன். அன்று மாலை மாண்ட்ரியால்காரர் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டார். அதே குல்லாய். பின்னால் இப்போது வேறு ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள்.

"பாப்பா நல்ல நேரத்துல வருது மச்சான். சரித்திரத்தக் கண்ணால பாக்கப் போவுது. இந்தத் தடவ மட்டும் நாங்க..."

என் தங்கை கைப்பேசியைச் செம்போடு சேர்த்துத் தன் பக்கம் திருப்பினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கணவனின் அண்ணன் முன்னால் குரலை உயர்த்தாதவள். அப்போதும் உயர்த்தவில்லை.

"அத்தான், பாப்பா படிப்பு மூணு வருசம். அது முடிஞ்சி கையில சீட்டு வர்ற வரைக்கும் நீங்க எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க. அப்புறமாப் பிரிஞ்சிக்கலாம்."

அவர் வாயைத் திறந்தார். பின்னால் அழுகிற பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். தொடரின் சத்தத்தைக் குறைத்தார்.

"சரிம்மா" என்றார்.